பின்சக்கரம் மாற்றும்போது பேரிங்கும் ஸ்பேசரும் பொருத்துவது: முழுமையான வழிகாட்டி

ஆக்சில் நட்டை முறுக்கும் வரை சக்கரம் லேசாகச் சுற்றும். முறுக்கியதும் இறுகிப்போகும். இல்லாவிட்டால் இறுகாமல் பக்கவாட்டில் ஆடும். வேறு பைக்கின் பின்சக்கரத்தைத் தன் பைக்கில் மாட்டியவர்கள் கொண்டுவரும் புகார்களில் பெரும்பாலானவை இந்த இரண்டுக்குள் அடங்கிவிடும். பேரிங் மட்டம் என்று நினைத்துப் புதிது வாங்கி அடிப்பார்கள். அதுவும் சில நாளில் சத்தம் போடும். கோளாறு ஸ்பேசரின் (ஆக்சில் மேல் வரும், இடைவெளியைக் காக்கும் குழாய்த் துண்டு) நீளத்திலோ, பேரிங்கை இறக்கிய வரிசையிலோ இருக்கும்.

செயினும் டிஸ்க் பிரேக்கும் உள்ள, தனி ஸ்பிராக்கெட் கேரியர் (செயின் ஓடும் பல்சக்கரத்தைத் தாங்கும் துண்டு) கொண்ட சக்கரத்தை வைத்துத்தான் கீழே எழுதியிருக்கிறேன். டிரம் சக்கரத்துக்கும் கணக்கு இதேதான். காலிப்பர் பிராக்கெட் (டிஸ்க் பிரேக்கின் காலிப்பரைத் தாங்கும் துண்டு) இருக்கும் இடத்தில் பிரேக் பிளேட் வரும்.

1. ஆக்சில் நட்டு எதை இறுக்குகிறது?

இது புரியாமல் சுத்தியலைத் தொட வேண்டாம். நட்டை முறுக்கும்போது ஸ்விங்ஆர்மின் (பின்சக்கரத்தை இருபுறமும் பிடிக்கும் சட்டம்) இரண்டு கைகளுக்கும் நடுவே உள்ள ஒரு வரிசை நசுக்கிப் பிடிக்கப்படுகிறது. இடமிருந்து வலமாகச் சொன்னால்: இடது வெளி ஸ்பேசர், கேரியர் பேரிங்கின் உள்வளையம், கேரியர் காலர் (கேரியர் பேரிங்கில் உள்ளிருந்து செருகும் விளிம்புள்ள குழாய்), ஹப்பின் (சக்கரத்தின் நடுக்குடம்) இடது பேரிங் உள்வளையம், நடு ஸ்பேசர், வலது பேரிங் உள்வளையம், வலது வெளி ஸ்பேசர், காலிப்பர் பிராக்கெட்.

இந்த வரிசை முழுவதும் ஒரே இரும்புத் தூண் போல இறுகி நிற்க வேண்டும். அது சுற்றாது. வெளிவளையங்களும் ஹப்பும் மட்டும் அதைச் சுற்றி ஓட வேண்டும். தூணில் பேரிங்குகளுக்கு நடுவே உள்ள ஒரு துண்டு குட்டையாக இருந்தால், நட்டின் பலம் பேரிங் குண்டுகள் வழியாகப் பாயும். சாலைப் பளுவைத் தாங்கச் செய்த குண்டுகளைப் பக்கவாட்டில் நசுக்கினால் ஓடும் பாதையில் தழும்பு விழும். பேரிங் போய்விட்டது என்று அர்த்தம்.

2. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

வெர்னியர் காலிப்பர் ஒன்று. ஆழம் அளக்கும் கம்பி உள்ளதாக. ஸ்கேலால் இந்த வேலை ஆகாது, 0.2 மி.மீ. வித்தியாசம் இங்கே பெரிய விஷயம். பேரிங் புல்லர், சர்க்ளிப் (பேரிங் வெளியே வராமல் தடுக்கும் ஸ்பிரிங் வளையம்) பிளையர், ஹீட் கன், டார்க் ரெஞ்ச் (குறித்த அளவு பலத்தில் முறுக்கும் ஸ்பானர்), நேரான நீளமான அலுமினியப் பட்டை ஒன்று. பேரிங் வெளிவளையத்தின் அளவுக்குச் சற்றுச் சிறிய சாக்கெட் ஒன்று. தடியான திரெட் ராடு, இரண்டு நட்டு, கனமான வாஷர்கள் இருந்தால் சுத்தியலே வேண்டாம்.

கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். பேரிங் எஃகு கடினமானது; அடித்தால் நசுங்காது, சில்லாகத் தெறிக்கும்.

டஸ்ட் சீலும் பேரிங்கும் புதிதாக இருக்கட்டும். ஸ்பேசர்களை இப்போதே லேத்தில் கொடுத்துக் கடைந்து வைக்காதீர்கள். அதற்கான அளவு இன்னும் உங்களிடம் இல்லை.

3. பழைய சக்கரம் வண்டியில் இருக்கும்போதே அளவெடுங்கள்

ஆர்வத்தில் பழைய சக்கரத்தைக் கழற்றி ஓரமாகச் சாய்த்துவிட்டுப் புதியதை எடுப்பவர்கள்தான் அதிகம். அப்புறம் செயின் எந்தக் கோட்டில் ஓடியது என்று கேட்டால் பதில் இருக்காது.

குறித்துக்கொள்ள வேண்டியவை: ஆக்சில் விட்டம், ஸ்விங்ஆர்ம் கைகளுக்கு நடுவே உள்ள அகலம், இடது கையின் உள்முகத்திலிருந்து ஸ்பிராக்கெட் பல்லின் நடுவுக்கு உள்ள தூரம், அதே முகத்திலிருந்து ரிம்மின் நடுவுக்கு உள்ள தூரம், காலிப்பர் பிராக்கெட்டின் கனம், டிஸ்க்கின் விட்டமும் அது நிற்கும் இடமும்.

ஸ்விங்ஆர்ம் அகலத்தை ஆக்சிலைக் கழற்றிய பிறகு ஒருமுறை மறுபடி அளக்கவும். நட்டு இறுகியிருக்கும்போது கைகள் சற்று உள்வாங்கியிருக்கலாம். ரிம்மின் நடு எப்போதும் ஸ்விங்ஆர்மின் சரிபாதியில்தான் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளவும் முடியாது. பழைய சக்கரம் சரியாக ஓடியிருந்தால் அது நின்ற இடம்தான் உங்கள் இலக்கு.

4. ஆக்சிலுக்கு ஏற்ற பேரிங்

புதிய சக்கரத்தின் ஹப் ஓட்டையும் உங்கள் ஆக்சிலும் ஒத்துப்போவது அபூர்வம். பேரிங் எண்ணின் கடைசி இரண்டு இலக்கம் உள்விட்டத்தைச் சொல்லும்: 00 என்றால் 10 மி.மீ., 01 என்றால் 12, 02 என்றால் 15, 03 என்றால் 17. 04-லிருந்து 5-ஆல் பெருக்கினால் போதும். 04 என்பது 20, 05 என்பது 25.

இதில் நமக்கு உதவும் ஒற்றுமைகள் சில உண்டு. 6303 பேரிங் 17 × 47 × 14 மி.மீ. (உள்விட்டம் × வெளிவிட்டம் × அகலம்); 6204 பேரிங் 20 × 47 × 14. வெளிவிட்டமும் அகலமும் ஒன்றே. ஆகவே 20 மி.மீ. ஆக்சிலுக்கான ஹப்பை 17 மி.மீ. ஆக்சிலில் ஓட்ட வேண்டுமானால் 6204-ஐ எடுத்துவிட்டு 6303 போட்டால் போதும், ஹப்பைக் கடைய வேண்டியதில்லை. 6304-க்கும் (20 × 52 × 15) 6205-க்கும் (25 × 52 × 15) அதே உறவு.

எல்லா ஜோடியும் இவ்வளவு சுலபம் இல்லை. 6302 என்பது 15 × 42 × 13. 6004 என்பது 20 × 42 × 12. ஓட்டையில் பொருந்தும், ஆனால் அகலம் 1 மி.மீ. குறைவு. சர்க்ளிப் உள்ள பக்கத்தில் பேரிங்குக்கும் சர்க்ளிப்புக்கும் நடுவே அந்த 1 மி.மீ. இடைவெளி விழும், வெளிவளையத்தை மட்டும் தொடும் ஷிம் வளையம் போட்டு அதை அடைக்க வேண்டும். வெளி ஸ்பேசர் அதே 1 மி.மீ. கூட வேண்டும். தாங்கும் பளுவும் 6302-ஐ விடக் குறைவு.

பேரிங்குக்குள் மெல்லிய குழாய்ப் புஷ் செருகி ஆக்சிலைச் சரிக்கட்டுவதும் உண்டு. மேலே சொன்ன மாதிரி மாற்றுப் பேரிங் கிடைக்கும்போது நான் அதைச் செய்ய மாட்டேன். 1 மி.மீ. சுவருள்ள புஷ், தளர்ந்து தேய ஒரு கூடுதல் இடம்; அவ்வளவுதான்.

எண்ணுக்குப் பின்னால் 2ஆர்எஸ் என்று இருந்தால் இருபக்கமும் ரப்பர் சீல். சக்கரத்துக்கு அதுதான் நல்லது. இசட்இசட் என்பது தகட்டு மூடி. தூசைத் தடுக்கும், தண்ணீரைத் தடுக்காது. ஒரு பக்கம் மட்டும் சீல் உள்ளதென்றால் சீல் வெளியே பார்க்க வேண்டும். சி3 என்பது உள்ளே இடைவெளி சற்று அதிகம் என்ற குறி. ஹப்பில் முதலில் இருந்தது சி3 என்றால் அதையே வாங்குங்கள்.

5. பழைய பேரிங்கை எடுப்பது

டிஸ்க்கைக் கழற்றிவிடுங்கள். சக்கரத்தை டிஸ்க் மேல் படுக்கவைத்து அடித்தால் டிஸ்க் வளைந்துவிடும். கேரியரையும் குஷ் ரப்பர்களையும் (கேரியருக்கும் ஹப்புக்கும் நடுவே அதிர்வைத் தாங்கும் ரப்பர்கள்) எடுத்து வைத்து, ரிம்மை இரண்டு மரக்கட்டைகள் மேல் சாய்க்கவும்.

முதலில் டஸ்ட் சீல், அடுத்து சர்க்ளிப். சேறு படிந்து சர்க்ளிப் கண்ணுக்கே தெரியாத ஹப்புகளைப் பார்த்திருக்கிறேன். அது இருக்கும்போது அடித்தால் பேரிங் வராது, ஹப்பின் காடிதான் உடையும். சில ஹப்புகளில் சர்க்ளிப்புக்குப் பதில் திரெட் போட்ட வளையம் இருக்கும். இடது திரெட்டா என்று பார்த்துவிட்டுத் திருப்புங்கள்.

புல்லர் இருந்தால் வேலை சுருக்கமாக முடியும். இல்லையென்றால், மறுபக்கத்திலிருந்து நீளமான பஞ்ச் விட்டு நடு ஸ்பேசரைச் சற்று ஒதுக்கினால் உள்வளையத்தின் விளிம்பு தெரியும். அங்கே ஒரு தட்டு, எதிர்ப்புறம் ஒரு தட்டு என்று மாற்றி மாற்றி அடிக்க வேண்டும். ஒரே இடத்தில் அடித்தால் பேரிங் சாய்ந்து ஹப்பைக் கீறிவிடும். ஹப்பை முன்பே சூடாக்கினால் பாதிப் பாடு குறையும்.

இப்படி உள்வளையத்தில் அடித்து எடுத்த பேரிங் கையில் நன்றாகச் சுற்றினாலும் மறுபடி போடக்கூடாது. தூக்கியும் எறியாதீர்கள். அதன் வெளிவளையத்தைக் கொஞ்சம் அரைத்துவிட்டால் புதிய பேரிங்கை இறக்கும் கருவி ஆகிவிடும்.

6. ஹப் ஓட்டையைப் பார்ப்பது

துணியால் துடைத்து விரல் விட்டுப் பாருங்கள். ஓட்டையில் சுற்றுவாட்டில் பளபளப்பான கோடுகள் இருந்தால் பழைய பேரிங்கின் வெளிவளையம் ஹப்புக்குள் சுற்றியிருக்கிறது. புதிய பேரிங் கை அழுத்தத்திலேயே உள்ளே போனால் ஹப் தளர்ந்துவிட்டது.

தளர்ச்சி மிகக் குறைவு என்றால் பேரிங்கைப் பிடித்து நிறுத்துவதற்கென்றே விற்கும் ஒட்டுத் திரவம் உதவும். அதற்கு மேல் என்றால் லேத்தில் ஸ்லீவ் போட வேண்டும். ஓட்டையைச் சுற்றிப் பஞ்சால் குத்திப் புள்ளி வைத்து இறுக்கும் வழக்கம் உண்டு. அந்தப் புள்ளிகள் சீக்கிரம் மழுங்கிப் பேரிங் மறுபடி சுற்ற ஆரம்பிக்கும்.

7. நடு ஸ்பேசர்: இதில் தவறினால் மற்றது எல்லாம் வீண்

ஹப்புக்குள் இரண்டு பேரிங்கும் உட்காரும் திண்டுகள் உண்டு. அந்த இரண்டு திண்டுகளுக்கும் நடுவே உள்ள தூரத்தை விட நடு ஸ்பேசர் 0.1 முதல் 0.3 மி.மீ. வரை நீளமாக இருக்க வேண்டும்.

ஏன் நீளம்? குட்டையாக இருந்தால், நட்டை முறுக்கும்போது உள்வளையங்கள் இரண்டும் ஸ்பேசரைத் தேடி உள்ளே இழுபடும். வெளிவளையங்கள் திண்டில் முட்டி நிற்கும். நடுவில் மாட்டிக்கொள்வது குண்டுகள். வெறும் 0.1 மி.மீ. குட்டை போதும், பேரிங் இறுகிப்போக.

நேரடியாக அளக்க முடியாது என்பதால் கழித்துத்தான் பார்க்க வேண்டும். ஹப்பின் ஒரு முகத்திலிருந்து மறுமுகம் வரை 110.0 மி.மீ.; இடது ஓட்டையின் ஆழம் 20.0; வலது ஆழம் 16.0 என்று வைத்துக்கொள்வோம். திண்டுகளுக்கு நடுவே 110 − 20 − 16 = 74.0. ஸ்பேசர் 74.2 இருந்தால் சரி. இந்த வகைப் பேரிங்கில் உள்வளையமும் வெளிவளையமும் ஒரே அகலம் என்பதால், பேரிங் அகலம் மாறினாலும் இந்த அளவு மாறாது. ஆழத்தை மூன்று நான்கு இடங்களில் அளங்கள்; திண்டில் ஒட்டியிருக்கும் துரு 0.2 மி.மீ. பொய் சொல்லும்.

ஆக்சில் பருமனாகியிருந்தால் பழைய நடு ஸ்பேசர் உதவாது, புதிது கடைய வேண்டும். லேத் வேலைக்குக் கொடுக்கும்போது இரண்டு விஷயத்தை வாய்விட்டுச் சொல்லுங்கள். ஒன்று, இரு முனைகளும் ஒன்றுக்கொன்று இணையாக, ஒரே பிடிப்பில் கடைந்ததாக இருக்க வேண்டும். சாய்ந்த முனை பேரிங்கைச் சாய்க்கும். இரண்டு, முனையின் வெளிவிட்டம் பேரிங்கின் உள்வளையத்தை மட்டும் தொட வேண்டும். 6204-க்கு 26 முதல் 28 மி.மீ. அதற்கு மேல் போனால் ரப்பர் சீலில் உரசும்.

8. புதிய பேரிங்கை இறக்கும் வரிசை

பேரிங்குகளை இரவே ஃபிரீசரில் வையுங்கள், பையில் சுற்றி. ஹப்பை ஹீட் கன்னால் 80 முதல் 100 டிகிரி வரை சூடாக்குங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் சீக்கிரம் உலர வேண்டும்; சுர்ரென்று கொதித்து ஓடினால் சூடு அதிகம். அலுமினியம் எஃகைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும்; 47 மி.மீ. ஓட்டை 80 டிகிரி சூடேறினால் சுமார் 0.08 மி.மீ. அகலமாகும். பேரிங் தன் எடையிலேயே பாதி இறங்கிவிடும். நேரடித் தீச்சுடர் வேண்டாம். பெயின்ட் கருகும், ஒரே இடம் அதிகமாகச் சூடாகும்.

எந்தப் பக்கம் முதலில்? வண்டியின் கையேடு சொல்லும் பக்கம். கையேடு இல்லையென்றால் சர்க்ளிப் உள்ள பக்கம். அதுவும் இல்லையென்றால் டிஸ்க் பக்கம். அந்தப் பேரிங்கைத் திண்டில் முட்டும் வரை முழுதாக இறக்குங்கள். சுத்தியல் சத்தம் டொக்கு டொக்கென்று வந்துகொண்டிருந்தது சட்டென்று கெட்டியான ‘ணங்’ என்று மாறும், உட்கார்ந்துவிட்டது. அழுத்தம் எப்போதும் வெளிவளையத்தில் மட்டும். பிறகு சர்க்ளிப்பைப் போட்டு, காடியில் முழுதாக விழுந்ததா என்று ஸ்க்ரூடிரைவர் நுனியால் சுற்றிப் பாருங்கள்.

சக்கரத்தைத் திருப்புங்கள். இப்போது நடு ஸ்பேசர்.

இந்த வரியைத் தனியாக எழுதக் காரணம் இருக்கிறது. நான் செய்த முதல் சக்கரத்தில் இரண்டாவது பேரிங்கை அழகாக இறக்கிவிட்டு நிமிர்ந்தபோது ஸ்பேசர் மேசை மேல் கிரீஸ் தடவித் தயாராக இருந்தது. புதிய பேரிங் ஒன்று வீண். அன்றிலிருந்து இரண்டாவது பேரிங்கை நடு ஸ்பேசரோடு சேர்த்துக் கட்டி வைப்பது வழக்கம். ஸ்பேசரை எடுக்காமல் பேரிங்கை எடுக்க முடியாது.

ஸ்பேசரை இறக்கியதும் ஆக்சிலைக் குறுக்கே செருகி வையுங்கள். அது ஸ்பேசரை நடுவில் பிடித்திருக்கும். இல்லாவிட்டால் ஸ்பேசர் சரிந்து, பிறகு ஆக்சில் நுழையாது.

இரண்டாவது பேரிங்கை எங்கே நிறுத்துவது என்பதில்தான் அனுபவசாலிகளும் சறுக்குகிறார்கள். இதைத் திண்டு வரை அடித்துவிடக் கூடாது. உள்வளையம் நடு ஸ்பேசரைத் தொட்டதும் நிறுத்த வேண்டும். ஸ்பேசர் 0.2 மி.மீ. நீளமாக இருப்பதால், வெளிவளையத்துக்கும் திண்டுக்கும் நடுவே அந்த 0.2 மி.மீ. காலியாக நிற்கும். அது இருக்க வேண்டிய இடைவெளி. ‘இன்னும் உட்காரவில்லையே’ என்று மேலும் இரண்டு அடி கொடுத்தால், வெளிவளையம் உள்ளே போகும், உள்வளையம் ஸ்பேசரில் முட்டி நிற்கும், குண்டுகள் மறுபடி பக்கவாட்டு அழுத்தத்தில்.

கடைசிக் கட்டத்தில் சிறு தட்டல்கள் போதும். ஒவ்வொரு தட்டலுக்கும் பிறகு ஆக்சிலை எடுத்து விரலை விட்டு ஸ்பேசரை ஆட்டிப் பாருங்கள். கலகலவென்று ஆடினால் இன்னும் இறங்க வேண்டும். விரலால் தள்ளினால் சற்றுத் தயங்கி நகர்ந்தால் சரியான இடம். அசையவே இல்லை, உள்வளையமும் கரகரவென்று சுற்றுகிறது என்றால் அதிகம் போய்விட்டது. எதிர்ப்பக்கத்திலிருந்து ஸ்பேசர் வழியாக லேசாக ஒரு தட்டு கொடுத்தால் பெரும்பாலும் தளர்ந்துவிடும்.

கேரியர் பேரிங் தனியாக, இதே முறையில். அதில் மறந்துபோவது உள்ளிருந்து செருகும் காலர். அதன் விளிம்புள்ள பக்கம் ஹப்பைப் பார்க்கும். அது விடுபட்டால் தூண் நடுவில் உடைந்த மாதிரி. கேரியர் ஹப்பில் உரசும், அதன் பேரிங்தான் முதலில் போகும்.

9. வெளி ஸ்பேசர்களின் கணக்கு

இப்போதுதான் சக்கரத்தின் அகலம் உறுதியாகிறது. கேரியரையும் குஷ் ரப்பரையும் பொருத்தி, கேரியர் பேரிங்கின் உள்வளைய முகத்திலிருந்து டிஸ்க் பக்க உள்வளைய முகம் வரை அளங்கள். ஓர் உதாரணம்:

ஸ்விங்ஆர்ம் உள் அகலம் 210 மி.மீ. சக்கரத் தொகுப்பு 158. காலிப்பர் பிராக்கெட் 14. மிச்சம் 210 − 158 − 14 = 38 மி.மீ. இது இரண்டு வெளி ஸ்பேசர்களின் மொத்த நீளம்.

எப்படிப் பிரிப்பது? சரிபாதியாகப் பிரிப்பது புதியவர்களின் முதல் தவறு. செயின்தான் பிரிக்கும். இடது கையிலிருந்து 30 மி.மீ. தூரத்தில் செயின் ஓடுகிறது என்று ஏற்கெனவே குறித்திருக்கிறோம். புதிய சக்கரத்தில் ஸ்பிராக்கெட்டின் நடு, கேரியர் உள்வளைய முகத்திலிருந்து 8 மி.மீ. உள்ளே இருக்கிறது. இடது ஸ்பேசர் 30 − 8 = 22. வலது 38 − 22 = 16.

அடுத்து ரிம். இலக்கு இடது கையிலிருந்து 105 மி.மீ. என்போம். புதிய சக்கரத்தில் ரிம்மின் நடு அதே உள்வளைய முகத்திலிருந்து 81 மி.மீ.; 22 + 81 = 103. ரிம் 2 மி.மீ. இடதுபுறம் தள்ளியிருக்கிறது. கம்பிச் சக்கரம் என்றால் கம்பிகளைச் சரிசெய்து ரிம்மை நகர்த்தலாம். அலாய் என்றால் முடியாது. அப்போது என் முடிவு: சக்கரத்தை ரிம்முக்கு ஏற்ப நிறுத்துவேன், இடது 24, வலது 14. இதனால் ஸ்பிராக்கெட் 2 மி.மீ. உள்ளே போகும், கேரியருக்கும் ஸ்பிராக்கெட்டுக்கும் நடுவே 2 மி.மீ. வளையம் வைத்து வெளியே கொண்டுவரலாம். அந்த வளையமும் ஸ்பிராக்கெட்டும் கேரியரின் நடு விளிம்பில் உட்கார வேண்டும், போல்ட் நீளமும் போதுமா என்று பார்க்க வேண்டும். போல்ட் ஒவ்வொன்றிலும் தனித்தனி வாஷர் மாட்டித் தூக்குவது வேண்டவே வேண்டாம். போல்ட் அறுந்தால் செயின் சக்கரத்தைப் பூட்டிவிடும்.

லேத்துக்குப் போவதற்கு முன் பிவிசி குழாயை அந்த நீளத்துக்கு வெட்டியோ வாஷர்களை அடுக்கியோ ஒருமுறை மாட்டிப் பாருங்கள். டிஸ்க் காலிப்பரின் நடுவில் நிற்கிறதா, டயர் எங்கும் உரசாமல் இருக்கிறதா, செயின் டயரைத் தொடுகிறதா என்பதெல்லாம் இங்கேயே தெரிந்துவிடும். டிஸ்க் 1 மி.மீ. விலகியிருந்தாலும் அதைச் சரிக்கட்ட ஸ்பேசரைத் தொடாதீர்கள், பிராக்கெட்டைத்தான் திருத்த வேண்டும்.

ஸ்பேசர்களின் மொத்த நீளம் கணக்கை விட 0.3 மி.மீ. அளவு குறைவாக இருந்தால் சக்கரம் சிரமமின்றி நுழையும், ஸ்விங்ஆர்ம் அந்தச் சிறு இடைவெளியைத் தாங்கிக்கொள்ளும். 2, 3 மி.மீ. குறைவாக இருந்து நட்டின் பலத்தால் கைகளை இழுத்துச் சேர்த்தால் வெல்டிங்கில் நிரந்தர அழுத்தம் விழும்.

வெளி ஸ்பேசரின் புறப்பரப்பில்தான் டஸ்ட் சீலின் உதடு ஓடுகிறது. அதன் விட்டம் சீலின் உள் அளவாகவும், பரப்பு வழவழப்பாகவும் இருக்க வேண்டும். கோடு விழுந்த பழைய ஸ்பேசரில் புதிய சீல் போட்டாலும் தண்ணீர் நுழையும்.

10. மாட்டிச் சோதிப்பது

ஆக்சிலிலும் சீல் உதட்டிலும் மெல்லிய கிரீஸ் பூசி மாட்டுங்கள். ஆக்சில் கை அழுத்தத்திலேயே போக வேண்டும். சுத்தியல் கேட்டால் ஏதோ ஒன்று நேராக இல்லை, திரும்பப் பாருங்கள்.

செயினை இன்னும் மாட்ட வேண்டாம், பிரேக் பேடையும் விலக்கி வையுங்கள். நட்டைக் கையால் இறுக்கிச் சக்கரத்தைச் சுற்றிவிடுங்கள். பிறகு டார்க் ரெஞ்சால் கையேட்டு அளவில் பாதிக்கு முறுக்கிச் சுற்றுங்கள், பின் முழு அளவுக்கு முறுக்கிச் சுற்றுங்கள். மூன்று முறையும் ஒரே மாதிரி ஓட வேண்டும். முறுக்க முறுக்கக் கனத்தால் நடு ஸ்பேசர் குட்டை, அல்லது கேரியர் காலர் விடுபட்டிருக்கிறது. டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது முழு டார்க்கிலும் லொடலொடத்தால் ஸ்விங்ஆர்ம் புஷ்ஷைச் சோதித்துவிட்டுத்தான் பேரிங்கைக் குறைசொல்ல வேண்டும். கேரியர் மட்டும் தனியாகச் சிறிது அசைவது குஷ் ரப்பரின் இயல்பு.

எல்லாம் சரி என்றால் செயின், பேட், கோட்டர் பின். செயின் நேராக இருக்கிறதா என்பதை ஸ்பிராக்கெட்டின் முகத்தில் பட்டையை வைத்துப் பாருங்கள். ஸ்விங்ஆர்மில் உள்ள அடையாளக் கோடுகளை நம்பி நான் ஏமாந்திருக்கிறேன். பிரேக் பெடலைப் பலமுறை மிதித்துப் பேட் டிஸ்க்கைத் தொட்ட பிறகே வண்டியை நகர்த்துங்கள்.

முதல் 10 கிலோமீட்டர் மெதுவாக ஓட்டி, பிரேக் அதிகம் பிடிக்காமல் நிறுத்தி, ஹப்பின் இரு பக்கமும் கை வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. கை வைக்க முடியாத சூடு என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். 100 கிலோமீட்டர் ஆனதும் நட்டின் டார்க்கை மறுபடி பாருங்கள். நட்டு சற்றுத் திரும்பினால், புதிய ஸ்பேசரின் முனைகளில் இருந்த பிசிறு நசுங்கியிருக்கிறது, முழு அளவுக்கு இறுக்கிவிட்டு ஓட்டலாம். அடுத்த 100-லும் திரும்பினால் ஸ்பேசரைக் கழற்றி அதன் முனையைப் பார்க்க வேண்டும்.